உறைந்த தேனும் நுரைத்த தேனும்: வீட்டில் எதை எங்கே வைப்பது?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து வாங்கி வந்த பெட்டித்தேனைக் கெடாமல் இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், சில வாரங்களில் அடியிலிருந்து சர்க்கரை கட்டிவிட்டது. கொல்லிமலையில் வாங்கிய மலைத்தேனைச் சமையலறை அலமாரியில் வைத்தேன்; அது நுரைத்து, மூடியைத் திறந்ததும் காற்று சீறிக்கொண்டு வந்தது. இரண்டும் கலப்படத் தேனா? தேனை எங்கேதான் வைப்பது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டில் எதையும் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. வெளியே இருக்க வேண்டிய தேன் உள்ளேயும், உள்ளே இருக்க வேண்டிய தேன் வெளியேயும் இருந்திருக்கின்றன.

தேனில் முக்கியமாக இருப்பவை பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். இவற்றில் குளுக்கோஸ் நீரில் குறைவாகவே கரையும் என்பதால், தேன் குளிரும்போது அது படிகமாகப் பிரிந்து அடியில் தங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பெட்டித்தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து கிடைப்பது; ரப்பர் மரத்தின் பூவிலிருந்து அல்லாமல், இளந்தளிர்களின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் சேர்ப்பது. இந்தத் தேன் இயல்பிலேயே விரைவாக உறையும். உறைந்ததால் தரம் குறைந்துவிடுவதில்லை. கை பொறுக்கும் சூடுள்ள, அதாவது 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் பாட்டிலை மூடியோடு நிறுத்தி, நீர் ஆற ஆற மாற்றிவந்தால் மெல்ல இளகிவிடும். அடுப்பில் நேரடியாக வைப்பதும் மைக்ரோவேவில் சூடாக்குவதும் வேண்டாம். மிகுந்த சூட்டில் தேனின் நொதிகள் அழிவதோடு, சர்க்கரை சிதைவதால் உண்டாகும் எச்.எம்.எஃப். என்னும் சேர்மமும் கூடுகிறது. தகரக் கூரையின் கீழும் அடுப்பை ஒட்டிய மேடையிலும் பல மாதங்கள் இருக்கும் தேனிலும் இதே மாற்றம் மெதுவாக நடக்கும். ஆகவே நன்கு முதிர்ந்த, அதாவது நீர் குறைந்த, பெட்டித்தேனுக்கு ஏற்ற இடம், வெயிலும் அடுப்புச் சூடும் படாத மூடிய அலமாரிதான்.

மலைத்தேனின் சிக்கல் வேறு. அது நீரின் சிக்கல். தேனீக்கள் அடையின் கண்களை மெழுகால் மூடிய பின் எடுத்த தேனில் நீர் குறைவாக இருக்கும். இந்திய உணவுத் தர விதி அனுமதிப்பது அதிகபட்சம் 20 சதவீதம். மூடாத கண்களோடு அடையை அறுத்துக் கையால் பிழிந்த தேனில் இந்த அளவு எளிதில் மீறப்படுகிறது. கொட்டாத சிறு தேனீக்கள் சேர்க்கும் கொசுத்தேனிலோ 25 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மிகுந்த சர்க்கரையிலும் உயிர்வாழும் ஈஸ்ட்டுகள் எல்லாத் தேனிலும் உண்டு. நீர் கூடியதும் அவை பெருகி, சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. உங்கள் பாட்டிலிலிருந்து சீறிய காற்று அந்த வாயுதான். 10 டிகிரிக்குக் கீழே இந்த ஈஸ்ட்டுகள் வளர்வதில்லை. ஆகவே ‘தேனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது’ என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, நீர்த்த மலைத்தேனுக்கும் கொசுத்தேனுக்கும் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. அங்கே அவை உறைந்தாலும் உறையட்டும், புளிக்காமல் இருக்கும்.

முதிர்ந்த தேனையும் நாம் அறியாமல் நீர்த்த தேனாக்கிவிடுகிறோம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால், திறந்திருக்கும் தேன் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; நம் கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுவதும், வேறு பல நாள்களிலும் காற்று அப்படித்தான் இருக்கிறது. திருகு மூடி இறுக்கமாகப் பொருந்தும் கண்ணாடிப் பாட்டில், ஈரமில்லாத கரண்டி, பாதி தீர்ந்ததும் சிறிய பாட்டிலுக்கு மாற்றுவது ஆகியவை இதற்காகத்தான். எறும்புக்கு அஞ்சித் தண்ணீர்த் தட்டில் பாட்டிலை நிறுத்துவோர், மூடி இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தேன் அமிலத்தன்மை கொண்டது என்பதால் பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரங்கள் கூடாது. எவர்சில்வர் கரண்டியால் எடுப்பதில் தீங்கில்லை. ஊறுகாய் இருந்த பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் அதன் வாசனை தேனில் ஏறிவிடும்.

கலப்படத்தைப் பற்றி: தண்ணீரில் சொட்டு விடுவது, தாளில் தடவிக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது ஆகிய எதையும் நம்ப வேண்டாம். ஆய்வகச் சோதனை மட்டுமே அதைச் சொல்லும். எவ்வளவு தூய தேனாக இருந்தாலும், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். பாட்டுலிசம் என்னும் கடும் நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும்; அவை வீட்டில் காய்ச்சுவதால் அழிவதில்லை.

இப்போது அந்த மலைத்தேன் பாட்டிலை முகர்ந்து பாருங்கள். மேலே நுரை மட்டும் இருந்து மணமும் சுவையும் மாறாதிருந்தால், நுரையை வழித்துவிட்டுக் குளிரில் வைத்து விரைவில் பயன்படுத்தி முடியுங்கள். புளித்த வாடை வந்துவிட்டால் பழைய சுவை திரும்பாது, கொட்டிவிடுவதே நல்லது. அந்தப் பாட்டில் தீரும்வரை அதன் மூடியை இறுக்காதீர்கள். உள்ளே சேரும் வாயுவால் பாட்டில் வெடிக்கக்கூடும்.