எட்டால் வகுக்கும் பையன்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதினோரு வயது. மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில், கட்டம் கட்டமாக அடுக்கி வீடு, சுவர் என்று கட்டும் விளையாட்டில், உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. அதை அடியோடு நிறுத்திவிட்டு, கணக்கும் சொற்களும் கற்றுத்தரும் 'கல்வி விளையாட்டு' எதையாவது வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். போன வாரம் பையனின் மேசையில் ஒரு தாள் கிடந்தது. மைனஸ் போட்ட பெரிய பெரிய எண்கள். எல்லாவற்றையும் எட்டால் வகுத்து வைத்திருந்தான். கேட்டால் "நெதருக்கு வழி போடுகிறேன்" என்றான். வகுத்தல் என்றாலே வயிற்றுவலி வருகிற பிள்ளை இவன். இதில் உண்மையில் படிப்பு ஏதும் இருக்கிறதா, இல்லை நானாகச் சமாதானம் தேடிக்கொள்கிறேனா? ஒன்று மட்டும் நிச்சயம்: அணைக்கச் சொன்னால் தினமும் சண்டைதான்.

எம்.

அன்புள்ள எம்.,

அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மகன் செய்திருப்பது இதுதான். மைன்கிராஃப்டில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று எண்கள் உண்டு: கிழக்கு மேற்குக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, வடக்கு தெற்குக்கு ஒன்று. தொடக்கப் புள்ளியைத் தாண்டி மேற்கே போனாலும் வடக்கே போனாலும் எண் மைனஸ் ஆகிவிடும். நெதர் என்பது அதற்குள்ளேயே இருக்கும் இன்னோர் உலகம். அங்கே ஒரு கட்டம் நடந்தால் மேலே, வழக்கமான உலகில், எட்டுக் கட்டம் கடந்த கணக்கு. தொலைவில் உள்ள ஓர் இடத்துக்குக் குறுக்குவழி வேண்டுமானால், அந்த இடத்தின் எண்களை எட்டால் வகுத்து, நெதரில் சரியாக அந்தப் புள்ளியில் வாசல் கட்ட வேண்டும். மேலே -1,200 என்றால் கீழே -150. உயரத்தை மட்டும் வகுக்கக் கூடாது. கணக்குத் தப்பினால் வேறெங்கோ போய் வெளியே வருவான். குறை எண்கள், விகிதம், ஆயத்தொலைகள் என்று பாடப்புத்தகம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதை, ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே தேவைக்காக அவன் சேர்த்துப் போட்டிருக்கிறான்.

நல்ல விளையாட்டுகளின் பலமே இந்தத் தேவைதான். தப்பை யாரும் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. வாசல் தப்பான இடத்தில் திறக்கிறது, அவ்வளவே. பிள்ளை கணக்கைத் திரும்பப் பார்க்கிறது. 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்றொரு விளையாட்டு உண்டு, ராக்கெட் கட்டி விண்ணில் விடுவது. ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க எல்லாப் பிள்ளைகளும் முதலில் வேகத்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் பாதை மேலெழும்பி, நம் கலம் இன்னும் பின்தங்கிவிடும். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கினால்தான் சுற்று சிறிதாகி முன்னால் இருப்பதை எட்டிப் பிடிக்கலாம். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் இருந்த ஜேம்ஸ் மெக்டிவிட், தங்கள் ராக்கெட்டின் கழன்றுபோன பகுதியை நெருங்கப் பார்த்து, அதை நோக்கியே உந்தி, எரிபொருளைச் செலவழித்து, கடைசியில் முயற்சியைக் கைவிட்டார். பயிற்சி பெற்ற விண்வெளி வீரரையே திணறடித்த விஷயத்தை ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தானே கண்டுபிடிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

ஆனால் உங்கள் கணவரின் கவலையையும் தள்ளிவிட முடியாது. 2010இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், அதுவரை வீட்டில் கன்சோல் (டிவியோடு இணைத்து விளையாடும் கருவி) இல்லாத 6 முதல் 9 வயது வரையிலான 64 பையன்களைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அது உடனே கிடைத்தது, மற்றவர்களுக்கு நான்கு மாதம் கழித்து. உடனே பெற்றவர்கள் அந்த நான்கு மாத முடிவில் வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கியிருந்தார்கள். விளையாட்டு மூளையைக் கெடுத்தது என்பதல்ல, பள்ளிவிட்டு வந்தபின் படிப்புக்கு இருந்த நேரத்தை அது எடுத்துக்கொண்டது. ஆகவே கதை வாசிக்கும் நேரமும் தூக்கமும் வெளியே ஓடியாடும் நேரமும் முதலில் ஒதுக்கப்படட்டும். மிச்சத்தில்தான் மைன்கிராஃப்ட்.

கல்வி விளையாட்டுகள் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மீது எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்குக்கு விடை சொன்னால் ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பொம்மை. கணக்குக்கும் விளையாட்டுக்கும் அங்கே ஒட்டே கிடையாது. பிள்ளை கணக்கைத் தாண்டி நட்சத்திரத்துக்கு ஓடத்தான் பார்க்கும். வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: பிள்ளை இதில் எதைத் தீர்மானிக்கிறது? உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே பணம் கட்டிக் குலுக்கல் பெட்டி திறக்க வைக்கும் விளையாட்டுகளை வீட்டுக்குள்ளேயே விட வேண்டாம். அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இலேயே பெல்ஜியம் தடுத்துவிட்டது.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது. விளையாட்டில் கற்றது பெரும்பாலும் விளையாட்டுக்குள்ளேயே தங்கிவிடும். நெதருக்கு எட்டால் வகுக்கிறவன் தேர்வில் அதே கணக்கைப் பார்த்து விழிப்பது இதனால்தான். இரண்டுக்கும் பாலம் போட ஒரு ஆள் வேண்டும், அது நீங்களாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எனக்குச் சொல்லிக்கொடுடா" என்று கேளுங்கள். உயரத்தை ஏன் வகுக்கவில்லை என்று கேளுங்கள். அவன் வாயால் விளக்கட்டும். இன்னொரு நாள் ஒரு வரைபடத்தை விரித்து, அளவுகோலைக் காட்டி, இதுவும் நெதர் மாதிரிதானே என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப்பாடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், தாளை ஒளித்து வைக்க ஆரம்பித்துவிடுவான்.

சண்டையைப் பற்றி: பாதி கட்டிய சுவரோடு அணைக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முறைக்கும். மைன்கிராஃப்டில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து இருபது நிமிடம். அவனோடு உட்கார்ந்து, பள்ளி நாளில் இத்தனை விளையாட்டு நாள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அங்கே பொழுது விடிந்ததும் நிறுத்திவிடு" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் முணுமுணுப்பான், விட்டுக்கொடுக்காதீர்கள்.