காலியாகத் தெரியும் ஃபோல்டர் காலியல்ல

கேள்வி: அப்பா பல வருடம் கோணேசர் கோயிலில் தேவாரம் பாடியவர். தை மாதம் காலமானார். அவர் பாடியதை அவருடைய அன்ட்ரொய்ட் போனில் ஒரு ரெக்கோடிங் அப்பில் பதிந்திருந்தோம். அறுபதுக்கு மேல் இருக்கும். முன்பு ஃபைல் மனேஜரில் அந்த ஃபோல்டரைத் திறந்து சிலதைக் கொப்பி பண்ணியிருக்கிறேன். போன் அப்டேட் ஆன பிறகு அதே ஃபோல்டர் வெறுமையாகக் கிடக்கிறது. அப்பைத் திறந்தால் பாட்டுக் கேட்கிறது, ஒவ்வொன்றாக அனுப்பவும் முடிகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் விளம்பரம். டவுனில் ஒரு போன் கடையில், ரூட் பண்ணினால்தான் எடுக்கலாம், 7,500 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா? (உப்புவெளி வாசகி)

பதில்: கொடுக்க வேண்டாம். போனை அந்தக் கடையில் விட்டிருந்தால் முதலில் போய் வாங்கி வாருங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

ரூட் பண்ணுவது என்றால் போனின் மென்பொருள் முழுவதன் மேலும் அதிகாரம் எடுப்பது. அதற்கு அநேகமாக எல்லாப் போன்களிலும் முதலில் பூட்லோடர் என்ற பூட்டைத் திறக்க வேண்டும். அதைத் திறந்த கணமே போன் தன்னிடம் உள்ள அனைத்தையும் அழித்துவிடும். படம், பாட்டு, எல்லாம். எதை எடுப்பதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதுதான் முதலில் போகும். இது தெரியாமல் சொல்கிற கடைக்காரரும் உண்டு, தெரிந்தே சொல்கிறவரும் உண்டு. ‘ஐயோ, உங்கட போன் ஏற்கெனவே பழுதாகித்தான் இருந்தது’ என்று பிறகு கையை விரிப்பதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

உங்கள் பாட்டுகள் அழியவில்லை. அப்பில் கேட்கிறது என்றீர்களே, அதுவே சாட்சி. நடந்தது இவ்வளவுதான்: ஒரு காலத்தில் டோர்ச் லைட் அப்கூட சேமிப்பகத்துக்கு அனுமதி கேட்கும், கொடுத்தால் போனில் பொதுவாகக் கிடக்கும் எல்லாவற்றையும் துழாவும். அதை நிறுத்த கூகிள் 2019இல் அன்ட்ரொய்ட் 10இல் தொடங்கி, 2020இல் 11இல் கட்டுப்பாட்டை இறுக்கியது. ஒவ்வொரு அப்புக்கும் ‘அன்ட்ரொய்ட்’ ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்ற இடத்தில் ஒரு தனி அறை உண்டு. இப்போது அந்த அறைக்குள் வேறு அப் எட்டிப் பார்க்க முடியாது. உங்கள் ஃபைல் மனேஜரும் ஒரு வேற்று அப்தான். ‘எல்லாக் கோப்புகளையும் அணுகலாம்’ என்ற பெரிய அனுமதியைக் கொடுத்தாலும் இந்த அறைகள் திறக்காது. ஆகவே அந்த அனுமதியைக் கேட்கும் புது ஃபைல் மனேஜர், ரிக்கவரி அப், கிளீனர் அப் எதையும் இறக்க வேண்டாம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் கதவைப் பூட்டியவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? ‘பூட்டியிருக்கிறது’ என்று ஒரு வரி காட்டியிருந்தால் நீங்கள் அந்தக் கடைப்படி ஏறியிருக்க மாட்டீர்கள்.

சரி, எடுப்பது எப்படி? அந்த அறைக்கு மற்ற அப்களுக்குத்தான் தடை. யூஎஸ்பி கேபிளில் இணைத்த கணினிக்குப் பெரும்பாலான போன்களில் இன்னும் வழி இருக்கிறது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நடைபாதையில் விற்கும் மலிவுக் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு போகாது. கணினியில் போன் தெரியவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பிறகு போனின் திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்தால் வரும் யூஎஸ்பி அறிவிப்பைத் தட்டி, ‘சார்ஜ் மட்டும்’ என்பதை ‘கோப்புப் பரிமாற்றம்’ என்று மாற்றுங்கள். திரை பூட்டியிருந்தால் கணினியில் போனின் பெயர் வரும், உள்ளே ஒன்றும் இராது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், போனைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். உள்ளே ‘அன்ட்ரொய்ட்’, அதற்குள் ‘டேட்டா’ என்று போய், அந்த அப்பின் ஃபோல்டரை முழுதாகக் கொப்பி செய்யுங்கள். கட் வேண்டவே வேண்டாம், பாதியில் கேபிள் கழன்றால் இரண்டு பக்கமும் குழம்பிவிடும். வீட்டில் கணினி இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டில், உங்கள் கண் முன்னால் செய்யுங்கள்.

உங்கள் போனில் கேபிள் வழியும் அடைபட்டிருந்தால், அறுபது விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அனுப்புங்கள். இரண்டு பின்னேரம் போதும், 7,500 ரூபாயும் மிச்சம்.

அதுவரை அந்த அப்பை நீக்க வேண்டாம், அமைப்புகளில் அதன் ‘தரவை அழி’ என்ற பொத்தானையும் தொட வேண்டாம். அப் போனால் அதன் அறையும் கூடவே போய்விடும். புதுப் போனுக்கு மாற்றித் தரும் அப்களையும் இதற்கு நம்பியிருக்க வேண்டாம், அந்த அறையை அவை பெரும்பாலும் விட்டுவிட்டு வரும்.

கொப்பி முடிந்ததும் ஒரு பென் டிரைவிலும் போட்டு, நாலைந்து பாட்டையாவது கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். பெயர்கள் வெறும் திகதி இலக்கங்களாக இருக்கலாம். அம்மாவோ அப்பாவோடு பாடிய யாராவதோ பக்கத்தில் இருந்து கேட்டால், எது சம்பந்தரின் ‘நிரைகழல் அரவம்’, எது வேறு பதிகம் என்று சொல்லிவிடுவார்கள். பெயர் மாற்றுவதைக் கொப்பியில் மட்டும் செய்யுங்கள், போனில் இருப்பது அப்படியே இருக்கட்டும்.