கில்கென்னியில் ரோத் ஹவுஸ் பார்க்கத் தகுந்ததா? அரைமணி நேரம் போதுமா?

அயர்லாந்தின் டப்ளினிலிருந்து ஒரே நாளில் கில்கென்னி ஊருக்குப் போய்த் திரும்புகிறோம், கோட்டையோடு சேர்த்து, நானூறு ஆண்டுப் பழைய வணிகர் வீடான ரோத் ஹவுஸையும் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம் பாருங்கள். ஆனால் அரைமணி நேரத்தில் முடியாது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தெருவிலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டில் வரிசையாக நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே வளைவுகள் கொண்ட ஒரு கல் முகப்பு, அவ்வளவுதான் தெரியும். சரக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. ஒன்றின் பின் ஒன்றாக மூன்று வீடுகள், இடையிடையே முற்றங்கள், கடைசியில் பழைய நகர மதில்வரை ஓடும் தோட்டம். நம் வழக்கில் சொன்னால் மூன்று கட்டு வீடு.

கட்டியவர் ஜான் ரோத் என்ற வணிகர். முதல் வீடு 1594, இரண்டாவது 1604, மூன்றாவது 1610. குடும்பம் பெருகப் பெருகப் பின்னால் கட்டிக்கொண்டே போயிருக்கிறார். பக்கவாட்டில் ஏன் போகவில்லை? இடமில்லை. இடைக்காலத்தில் இந்த ஊர் நிலத்தைக் கீற்றுக் கீற்றாக வகுந்து கொடுத்தார்கள். தெருவை ஒட்டிக் குறுகல், பின்னால் நீளம். எல்லோருக்கும் கடை வைக்கக் கொஞ்சம் தெருமுகம் கிடைக்க வேண்டும், அதற்காக இந்த ஏற்பாடு. இப்படிப்பட்ட நிலத்துண்டுகளை 'பர்கேஜ்' மனை என்பார்கள். மற்ற மனைகள் பெரும்பாலும் நானூறு ஆண்டுகளில் துண்டாகிப் போயின. தெரு முதல் மதில்வரை வீடும் முற்றமும் தோட்டமுமாக முழு மனையையும் ஒரே இடத்தில் நடந்து பார்க்க அயர்லாந்தில் ரோத் ஹவுஸை விட்டால் வேறு இடமில்லை. என்னைக் கேட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருட்களைவிட இந்த மனைதான் பெரிய காட்சிப்பொருள்.

அதனால் கட்டிய வரிசையிலேயே போங்கள். முன்கட்டில் தரைத்தளம் வியாபாரத்துக்கு, மாடி குடும்பத்துக்கு. மாடி அறைகளில் கில்கென்னி தொல்லியல் சங்கத்தின் சேகரிப்பு இருக்கிறது. 1960களில் இந்த வீட்டை வாங்கிக் காப்பாற்றி அருங்காட்சியகமாக்கியது அந்தச் சங்கம்தான். இரண்டாம் கட்டின் மாடிக்குப் போனால் தலையை நிமிர்த்தி மரக்கூரையைப் பாருங்கள். மூன்றாம் கட்டு சமையல் வேலைகளுக்கானது.

முற்றத்தில் உள்ள கிணற்றடியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கல்லில் லத்தீன் எழுத்து. ஜான் ரோத்தின் பெயரும் மனைவி ரோஸ் ஆர்ச்சரின் பெயரும், 1604 என்ற ஆண்டும் அதில் உண்டு. எங்கள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறது. கத்தோலிக்கக் குடும்பம். 1640களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஆட்சியான கத்தோலிக்கக் கூட்டமைப்பு கில்கென்னியைத் தலைநகராக வைத்து அயர்லாந்தின் பெரும்பகுதியை ஆண்டபோது ரோத் குடும்பமும் அதில் இருந்தது. 1650இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் தளபதி கிராம்வெல்லின் படை ஊரைப் பிடித்தது. அதன்பின் வீடு கைவிட்டுப் போய், திரும்பக் கிடைத்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அடியோடு போய்விட்டது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அந்த எழுத்தைப் படித்தால் கல்லின் கனம் வேறு.

பலரும் கோட்டைவிடுவது தோட்டத்தைத்தான். மூன்றாம் கட்டோடு முடிந்தது என்று திரும்பிவிடுவார்கள். அகழாய்வு செய்துவிட்டு, 17ஆம் நூற்றாண்டில் இருந்திருக்கக்கூடிய முறையில் மறுபடி அமைத்து 2008இல் திறந்தார்கள். வீட்டை ஒட்டிய பாதியில் காய்கறி, மூலிகைப் பாத்திகள், மேல்பாதியில் பழமரங்கள். கடைசிவரை நடந்து மதிலருகே போய்த் திரும்பிப் பாருங்கள். மனையின் நீளம் அப்போதுதான் உறைக்கும். மே முதல் செப்டம்பர்வரை செழிப்பாக இருக்கும். குளிர்காலத்தில் பாத்திகள் வெறிச்சென்று கிடக்கும்; டிசம்பரில் நாலேகால், நாலரைக்கே இருட்டிவிடும் என்பதால் மதியத்துக்குமேல் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே நுழையும்போது மழை இல்லையென்றால், வரிசையை மறந்துவிட்டு முதலில் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வானம் எப்படி இருக்கும் என்று அயர்லாந்தில் யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

படிகள் பழையவை, தளம் சமமில்லாதது. முட்டிவலி உள்ளவர்களோ குழந்தை வண்டியோ உடன் வந்தால், மாடிகளில் எதுவரை போகமுடியும் என்று டிக்கெட் வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். முதல்நாளே பார்த்துவிடுவது நல்லது.

ரயில் டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து புறப்படும், சுமார் ஒன்றரை மணி நேரம். கனலி நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள், அது ஊரின் மறுகோடி. இணையத்தில் முன்பதிவு செய்தால் பெரும்பாலும் மலிவு. கில்கென்னியில் இறங்கி நோர் ஆற்றைத் தாண்டிக் கால்மணி நேரம் நடந்தால் வீடு. கோட்டை தெற்கே, புனித கனிஸ் பேராலயம் வடக்கே, ரோத் ஹவுஸ் இரண்டுக்கும் நடுவே. காலையில் கோட்டை, பிறகு ரோத் ஹவுஸ், வெளியே வந்து இடப்பக்கம் திரும்பி ஐந்து நிமிடம் நடந்தால் பேராலயம் என்று வைத்துக்கொண்டால் ஒரே நேர்கோட்டில் முடியும். பேராலயத்துப் பக்கத்தில் உள்ள வட்டக்கோபுரம் சுமார் 30 மீட்டர், உள்ளே செங்குத்தான ஏணிகள். சிறு பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள், காற்றும் மழையும் பலமாக இருந்தால் யாரையுமே விடமாட்டார்கள். ஏறுவதாக இருந்தால் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.