வெண்கலச் சிலை: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: தாத்தா பாரிஸிலிருந்து கொண்டுவந்தது. ஒற்றைக் காலில் பறக்கிற ரோமானியக் கடவுள் மெர்குரி, அடியில் 'பார்பெதியென்' என்ற எழுத்து. ஜம்போலோன்யாவே வார்த்ததா?

இந்த மெர்குரியை முதலில் வடித்த சிற்பி ஜம்போலோன்யா 1608இல் இறந்தார். வெண்கலப் பட்டறை நடத்திய பார்பெதியென் பிறந்ததே 1810இல்தான். அவருடைய கூட்டாளி அஷீல் கோலாஸ் ஒரு கருவி செய்தார். அதன் ஒரு முனை பெரிய சிலையைத் தடவிக்கொண்டே போகும், மறுமுனை அதையே சின்ன அளவில் செதுக்கும். வரவேற்பறை மேசைக்கு ஏற்ற மெர்குரிகள் அப்படித்தான் பெருகின. உங்களுடையது நல்ல 19ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்கலாம். புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள்.

கேள்வி: விற்பவர் 16ஆம் நூற்றாண்டு என்கிறார். நம்பலாமா?

அளந்து பாருங்கள். ஆறும்போது வெண்கலம் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். ஒரு சிலைமேல் அச்செடுத்து வார்த்தால், 30 செ.மீ. சிலை அரை செ.மீ. குறைந்து வரும். அப்புறம் முடிச்சுருளையும் கால் நகத்தையும் பாருங்கள். நல்ல பட்டறையில் வார்த்த பிறகு உளியால் ஒவ்வொரு சுருளையும் வெட்டியிருப்பார்கள். நகலின் நகலில் அதெல்லாம் பாதி கரைந்த சோப்பு மாதிரி இருக்கும்.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை. வெண்கலம்தானே?

துத்தநாகத்திலும் ஒட்டாது. அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், சின்னதாகக் கீறுங்கள். சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் வெண்கலம் இல்லை.

கேள்வி: எலுமிச்சை போடலாமா?

அதுவும் புளிப்புதான். கூடாது.

கேள்வி: பழைய அச்சிலிருந்து பின்னால் வார்த்தது எல்லாம் போலிதானே?

அப்படியானால் இத்தாலியச் சிற்பி ஆண்டிகோவை என்ன செய்வது? மாந்துவா நகரில், ஆயராகத் தேர்வான லுடோவிகோ கொன்சாகாவுக்குச் சின்னச் சிலைகள் செய்தவர். அச்சுகள் அவரிடமே இருந்தன. 1519இல், லுடோவிகோ இறந்து எட்டு வருடம் கழித்து, அதே சிலைகளை மறுபடி வார்த்துத் தருவதாக மாந்துவாவை ஆண்ட குடும்பத்து இசபெல்லா தெஸ்தேவுக்கு எழுதினார். அவற்றில் ஹெர்குலிஸ் ஆண்டியஸ் என்ற அரக்கனைத் தூக்கி நெரிக்கும் சிலை இன்று லண்டனில் ஒன்று, வியன்னாவில் ஒன்று. வியன்னா சிலையின் அடியில் இசபெல்லா பெயர். இதில் எது போலி?

கேள்வி: அது அவரே செய்தது. பிறர் செய்தால்?

பார்பெதியென் தன் பெயரைப் பொறித்து விற்றார், ஒளிக்கவில்லை. அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு '1580' என்கிறவர்தான் மோசடிக்காரர்.

கேள்வி: ஆண்டிகோவே ரோமில் உடைந்துகிடந்த பளிங்கைப் பார்த்துச் செய்தவர்தானே? அவரும் நகல்காரர்தான்!

சரி, நீங்கள் பாதி ஜெயித்தீர்கள். ஆனால் உடைந்த கைகால்களை முழுதாக்கினார். முடிக்குத் தங்கமும் கண்ணுக்கு வெள்ளியும் வைப்பது அவர் கைவழக்கம். அச்சு அதையெல்லாம் தராது.

கேள்வி: படம் அனுப்பினால் விலை சொல்வீர்களா?

மாட்டேன்.

கேள்வி: புளி வேண்டாம், சரி. பித்தளைப் பவுடர்?

மூன்றாம் முறை சொல்கிறேன். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, பட்டறையில் மெனக்கெட்டு ஏற்றிய மேற்பூச்சு. உறவினர் வீட்டில் ஒரு மெர்குரியை யாரோ பளபளவென்று தேய்த்துவைத்திருந்தார்கள். அக்குளிலும் காது மடல் இடுக்கிலும்தான் பழைய நிறம் மிச்சம். மெல்லிய பருத்தித் துணி போதும், அதுவும் உலர்ந்தது.