பழைய கடைக்கட்டை இடித்துக் கட்ட பில்டர் வருகிறார்: பாதிக்குப் பாதி சரிதானா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருவில் அப்பா விட்டுப்போன 2 கிரவுண்டு இடம் இருக்கிறது. முகப்பு 40 அடி, ஆழம் 120 அடி. முன்னால் ஏழடிக் கடைகள் ஐந்து, ஓரத்தில் ஐந்தடித் தகரக் கொட்டகையில் ஒரு டீக்கடை, பின்னால் மெட்ராஸ் டெரஸ் வீடு (தேக்கு உத்தரம், செங்கல், சுண்ணாம்பில் போட்ட பழைய கூரை). கடைக்காரர்கள் நாற்பது வருடமாக இருக்கிறார்கள். யாருக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லை. ஒரு பில்டர் தன் செலவில் தரைத்தளமும் மூன்று மாடியும் கட்டித் தருவதாகவும், ஆளுக்குப் பாதி என்றும் சொல்கிறார். நாங்கள் நான்கு வாரிசுகள், ஒருவர் வெளிநாட்டில். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பில்டர் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. எதில் பாதி என்பதை அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கடைத்தெருச் சொத்தில் சதுர அடியைப் பாதியாகப் பிரித்தால் பணம் பாதியாகப் பிரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு (18.3 மீட்டர் உயரம் வரை) தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 2019 தரும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண்), 2. ஆக 9,600 சதுர அடி கட்டலாம், தளத்துக்கு 2,400. பார்க்கிங்கை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, சதுர அடி வாடகையைத் தரைத்தளத்துக்கு 100, முதல் மாடிக்கு 60, இரண்டாவதுக்கு 35, மூன்றாவதுக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை உதாரண எண்கள்தான். உங்கள் தெருவில் நாலு கடையில் விசாரித்து உண்மையான எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். மாத வாடகை மொத்தம் 5,28,000 ரூபாய். உங்களுக்கு மேல் இரண்டு மாடி, அவருக்குக் கீழ் இரண்டு என்று பிரித்தால் பரப்பில் பாதி உங்கள் கையில் இருக்கும், வருமானத்தில் 1,44,000 ரூபாய், அதாவது 27 சதவீதம்தான் வரும். மாறாகத் தரைத்தளம் மட்டும் போதும் என்று வாங்கினால், கால்வாசிப் பரப்புக்கு 2,40,000 ரூபாய், 45 சதவீதம். ஆகவே பேச்சு தளவாரியாகவும், தரைத்தளத்தில் முகப்பு அடிவாரியாகவும் நடக்க வேண்டும். வாசலிலிருந்து பின்சுவர் வரை நெடுக்காகப் பிரிப்பது பொதுவாக நியாயமாக அமையும்.

மெட்ரோ வந்துவிட்டது, வட சென்னை வளர்ச்சித் திட்டம் நடக்கிறது, மாடிக்கும் நல்ல வாடகை வரும் என்று அவர் சொல்லலாம். வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ 2019-இலேயே வந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. அது உண்மையிலேயே மாடி வாடகையை ஏற்றியிருந்தால் அக்கம்பக்கத்து மூன்றாம் மாடிகளில் இப்போதே தெரிய வேண்டும். துணிக்கடைத் தெருவில் மேல்மாடிகள் பெரும்பாலும் குடோனாகவும் தையல் கூடமாகவும் போகின்றன. குடோன் வாடகை வேறு, கடை வாடகை வேறு.

இனி மறந்துவிட்ட பார்க்கிங்குக்கு வருவோம். கார் நிறுத்த ஓரிடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். ஒருவழிப் பாதை 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி. அந்தப் பாதை உங்கள் 40 அடி முகப்பிலிருந்துதான் போக வேண்டும். மீதி 28 அடி. படிக்கட்டு, லிஃப்ட் வாசலையும் தெருமுகத்தில் வைத்தால் இன்னும் 8 அடி போய் 20 அடிதான் கடைக்கு நிற்கும். அவற்றை அந்தப் பாதையிலிருந்தே ஏறும்படி பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். பல வரைபடங்களில் இந்த ஒரு மாற்றத்திலேயே ஒரு கடை மிஞ்சும். அப்படியும் 28 அடியில் ஏழடிக் கடை நெருக்கி நாலுதான். இன்றைக்கு இருப்பவர்களோ ஐந்து பேர், டீக்கடை வேறு. வரைபடம் கையில் வருமுன் ‘எல்லாருக்கும் முன்னால் கடை தருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்த மாதிரி இடங்களில் சண்டை ஆரம்பிப்பது அங்கேதான்.

பார்க்கிங்கை நிலவறைக்கு இறக்கலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எட்டுக்கு ஒன்று சரிவில் 10 அடி இறங்க 80 அடிச் சாய்தளம் வேண்டும். உங்கள் ஆழமே 120. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் நிலத்தடி நீரும் மேலாகவே நிற்கும். பள்ளத்திலிருந்து பம்ப் போட்டு இறைக்கும்போது பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து தண்ணீரோடு மணலும் சேர்ந்து வரும். சுண்ணாம்புக் கலவையில் எழும்பிய பழைய சுவர் அதைத் தாங்காது.

உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியில் (கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கலாம் என்று குறிக்கப்பட்ட பகுதி) வருகிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். வந்தால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. வராவிட்டால் முகப்பு இன்னும் சுருங்கும். சாலை விரிவாக்கக் கோடு இடத்துக்குள் விழுகிறதா, மெட்ரோ சுரங்கத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சுரங்கம் அருகில் என்றால் மெட்ரோ நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ., அதாவது கட்டணம் கட்டிப் பெறும் கூடுதல் கட்டட அளவு, எவ்வளவு வாங்கலாம் என்பது சாலை அகலத்தைப் பொறுத்தது. அதில் கிடைக்கும் கூடுதல் பரப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது முழுக்கப் பில்டருக்குப் போய்விடும்.

கடைக்காரர்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது டீக்கடை. அந்தக் கொட்டகையை யார் போட்டது? அப்பா போட்டுக் கொடுத்திருந்தால் அவர் சாதாரண வாடகைதாரர். வெறுந்தரையை வாடகைக்கு எடுத்து அவரே போட்டிருந்தால், அந்தப் பழைய வாடகைக்கு 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தக்கூடும். அப்படியானால் கட்டுமானத்துக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்த பிறகே வழக்குப் போட முடியும். நீங்கள் வழக்குப் போட்டால், சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் நிலத்தைத் தனக்கே விற்கச் சொல்லி அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஐந்தடிக் கொட்டகை முழுத் திட்டத்தையும் வருடக்கணக்கில் முடக்கிவிடும். பழைய வாடகை ரசீதில் ‘கடை வாடகை’ என்று இருக்கிறதா, ‘தரை வாடகை’ என்று இருக்கிறதா என்று தேடுங்கள். மாநகராட்சி வரி ரசீது யார் பெயரில் என்பதும் முக்கியம். இவருடன் வழக்கைவிடச் சமரசமே மலிவு.

மற்ற ஐவருக்கும் 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் பொருந்தும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். ஆனால் அதை ஆயுதமாக எடுத்தால் ஐந்து பேரும் ஒரே வக்கீலைப் பிடிப்பார்கள். தனித்தனியாகப் பேசுங்கள்: பகடியோ (கடையைப் பிடிக்கக் கொடுத்த மொத்தத் தொகை) அட்வான்ஸோ எவ்வளவு கொடுத்தார், கட்டி முடியும்வரை மாற்றுக் கடை வாடகையை யார் தருவது, திரும்பி வரும்போது எந்தக் கடை, என்ன வாடகை. ஓய்வெடுக்க நினைக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்குத் தொகை கொடுத்து முடித்தால் நாலு இடத்துக்கு நாலு பேர் என்று கணக்கு நேராகும். ஒவ்வொருவரிடமும் கடையைக் காலி செய்து ஒப்படைத்துவிட்டதாகச் சுவாதீன ஒப்படைப்புப் பத்திரம் எழுதி வாங்குங்கள். இந்தச் செலவு யாருடையது என்பது பில்டர் ஒப்பந்தத்தில் ரூபாய்க் கணக்கில் இருக்க வேண்டும்.

வாரிசு வேலை எளிது: வாரிசுச் சான்று, நால்வர் பெயரிலும் பட்டா, வில்லங்கச் சான்று. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினால், அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

பில்டருடன் போடும் கூட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பில்டர் பங்குக்கான பிரிபடாத நிலப் பாகத்தை (கட்டடப் பங்கோடு சேர்ந்து போகும் நிலப் பங்கு) விற்கும் அதிகாரத்தை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, கடைசித் தளக் கான்கிரீட் முடிந்ததும் ஒரு பகுதி, உங்கள் பங்கை ஒப்படைத்த பிறகு மீதி என்று பிரியுங்கள். மூலப் பத்திரங்கள் உங்களிடமே இருக்கட்டும். கொடுத்தால் அவை வங்கியில் அடமானமாகப் போய் உட்காரும். வரைபட அனுமதி வந்ததும் எந்தக் கடை யாருக்கு என்று வண்ணம் தீட்டிய வரைபடத்துடன் பங்கீட்டு ஒப்பந்தம் போடுங்கள். மொட்டைமாடி, விளம்பரப் பலகை, செல்போன் கோபுரம், மின்மாற்றி வைக்கும் இடம் இவற்றையும் அதில் சேருங்கள். ‘ஒப்படைப்பு’ என்றால் பணிநிறைவுச் சான்று கையில் வந்த நாள் என்று வரையறுங்கள். அது இல்லாமல் மின் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் கிடைக்காது. பூட்டிய ஷட்டருக்கு வாடகை வராது. தாமதத்துக்கு மாதா மாதம் இழப்பீடு, மேலே போட்ட உண்மையான வாடகைக் கணக்கை ஒட்டியே இருக்கட்டும்.

தனிநபருக்குப் பதிவு செய்த கூட்டு ஒப்பந்தத்தில் மூலதன ஆதாய வரி, பணிநிறைவுச் சான்று வரும் ஆண்டில்தான் விழும். அதற்கு முன்பே உங்கள் பங்கை விற்றால் அந்தச் சலுகை போய்விடும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) விஷயத்தில், இடம் 446 சதுர மீட்டர், பதிவுக்கான வரம்பான 500-க்குள் என்று விட்டுவிடாதீர்கள். கடைகள் எட்டைத் தாண்டினால் பதிவு வேண்டுமா என்று ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

இடிக்குமுன் பக்கத்துச் சுவர்கள் பொதுச் சுவரா என்று பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் பல இடங்களில் அப்படித்தான் இருக்கும். பொதுச் சுவரில் அவர்களுடைய தேக்கு உத்தரமும் உட்கார்ந்திருந்தால், உங்கள் பக்கம் இடித்ததும் அது சரியும். இருக்கும் விரிசல்களைத் தேதியுடன் படமெடுத்து இரு வீட்டாரும் கையெழுத்திடுங்கள். முட்டுக் கொடுத்து, துண்டு துண்டாக இடித்து, புதிய தூண்களைச் சுவரிலிருந்து தள்ளிப் போட வேண்டும். மண் பரிசோதனைக்கு உங்கள் இடத்திலேயே இரண்டு துளையாவது போடச் சொல்லுங்கள். பக்கத்து மனை அறிக்கையை நகலெடுத்துத் தருவது பழைய பழக்கம்.

காலி செய்யும் தேதியைப் பொங்கல் கழித்து வையுங்கள். ஆடித் தள்ளுபடியிலிருந்து பொங்கல் வரைதான் அந்தத் தெருவின் சம்பாத்தியம். தை முடியக் காலி செய்து பதினெட்டு மாதத்தில் கட்டினால் கடைக்காரர்களுக்கு ஒரு தீபாவளிதான் போகும். அடுத்த ஆண்டு ஆவணிக்குள் ஷட்டர் திறந்துவிடலாம். ஆறு மாதம் தாமதித்தால் அடுத்த தீபாவளியும் போய்விடும். கடைக்காரர்கள் உங்களைக் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.