பார்ட்டன்: நண்டின் பெயர் கரையேறிய கதை

கேள்வி: ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியில் நண்டுக்குப் ‘பார்ட்டன்’ என்று பெயராம். ஐரிஷ் சொல்லும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறதே, தற்செயலா?

பதில்: இல்லை, ஒரே சொல்தான். ஐரிஷில் போர்ட்டான், ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான ஸ்காட்டிஷ் கேலிக்கிலும், அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இருக்கும் மான் தீவின் மான்க்ஸ் மொழியிலும் பார்ட்டன். மூன்றும் பழைய ஐரிஷ் பெற்ற பிள்ளைகள், எனவே இது அவற்றுக்குக் குடும்பச் சொத்து. ஸ்காட்ஸ் அந்தக் குடும்பமே இல்லை. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஜெர்மானிய மொழி அது. கேலிக்கிடம் இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டது.

கேள்வி: கேலிக் மேற்குத் தீவுகளின் மொழி அல்லவா? கிழக்குக் கரை மீனவர் வாயில் எப்படி வந்தது?

பதில்: இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. 12ஆம் நூற்றாண்டில் கிழக்கே ஃபைஃப் பகுதியிலும் கேலிக் பேசினார்கள். நண்டுக்குப் பேர்போன கிரெயில் துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பிட்டன்வீம் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அந்தப் பெயரில் வரும் ‘வீம்’ கேலிக் சொல். குகை என்று பொருள். புனித ஃபில்லன் குகையை இன்றும் ஊருக்குள் பார்க்கலாம். பேச்சு ஸ்காட்ஸுக்கு மாறியபோதும் ஊர்ப்பெயர் நின்றது, நண்டின் பெயரும் நின்றது. அன்றாடம் கையில் புழங்கும் பொருளின் பெயர் அவ்வளவு லேசில் போகாது என்பது என் எண்ணம்.

கேள்வி: எந்த நண்டு அது?

பதில்: முக்கியமாக, செம்பழுப்பு நிறத்தில் வரும் பெரிய கடல் நண்டு. ஓட்டின் விளிம்பு சோமாசி ஓரத்தைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும், கொடுக்கின் நுனி கறுப்பு. கேலிக்கில் நண்டுக்குக் ‘க்ரூபக்’ என்றும் சொல்வார்கள். குறுகிப் பதுங்குவதைக் குறிக்கும் ‘க்ரூப்’ அதில் இருக்கிறது.

கேள்வி: வெல்ஷிலும் பார்ட்டன்தானா?

பதில்: இல்லை, அங்கே ‘க்ராங்க்’. வெல்ஷும் ஐரிஷ், கேலிக் போலக் கெல்டிக் குடும்பத்து மொழிதான், ஆனால் வேறு கிளை.

கேள்வி: ‘பார்ட்டன் ப்ரீ’ என்றால்?

பதில்: நண்டு சூப். ப்ரீ என்றால் சாறு. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையோடு மசித்து, சாறு விட்டு இளக்குவார்கள். கொடுக்கில் எடுத்த வெள்ளைச் சதையும் க்ரீமும் கடைசியில்தான்.

கேள்வி: கேலிக்கில் எழுதியபடியே உச்சரிக்கலாமா?

பதில்: பல வட்டாரங்களில் ‘ர்’க்கும் ‘ட’வுக்கும் நடுவே மெல்லிய ‘ஸ்’ ஒன்று வந்து ‘பார்ஸ்டன்’ போலக் கேட்கும். அப்புறம், ஐரிஷில் கடக ராசிக்கும் ‘அன் போர்ட்டான்’ என்றுதான் பெயர்.