தனியாக எழுதுவதா, ஏழு பேரோடு சேர்ந்து எழுதுவதா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் பதினான்கு வருடமாக வீடு, சைட் (வீட்டு மனை) வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். கணபதியிலிருந்து சத்தி ரோட்டில் கோவில்பாளையம், அன்னூர் வரைக்கும் எனக்குப் பழக்கம். இப்போதெல்லாம் பார்ட்டிகள் போனில் தேடிப் படித்துவிட்டுத்தான் நேரில் வருகிறார்கள். அதனால் இணையத்தில் சொந்தமாக ஒரு பிளாக் (வலைப்பூ) ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் இந்தப் பக்கத்துப் புரோக்கர்கள் ஆறு பேர், "ஏழாவதாக நீயும் வா, எல்லாரும் சேர்ந்து ஒரே பிளாக்காக நடத்தலாம், ஆளுக்கு மாதம் ஒரு கட்டுரை போதும், செலவும் ஏழில் ஒரு பங்குதான்" என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. தனியாக ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எது நல்லது? (வாசகர், சரவணம்பட்டி)

பதில்: தனியாகவே எழுதுங்கள். ஏழு பேரும் ஒரே ஊர், ஒரே தொழில், பல சமயம் ஒரே சைட்டையே காட்டுகிறவர்கள் என்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் எழுத்தைப் படிக்க வருகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் பொழுதுபோக்குக்குப் படிப்பவர் இல்லை. வங்கிக் கடன், பி.எஃப். பணம், வீட்டு நகை எல்லாம் சேர்த்து முப்பது நாற்பது லட்சம் புரட்டிக்கொண்டு, இதை எங்கே போடுவது என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். சொல்கிற ஆள் யார், அந்த இடத்தை நேரில் பார்த்திருக்கிறாரா, நாளைக்குப் பிரச்சினை என்றால் போனை எடுப்பாரா என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு பெயரும் ஒரு முகமும் இருந்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். ஏழு பெயர்கள் மாறி மாறி வருகிற இடத்தில், போன மாதம் நன்றாக எழுதியவர் யார் என்பதே அவருக்கு நினைவிருக்காது.

போன வருடம் என் தங்கைக்காக அன்னூர் பக்கம் சைட் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ பக்கங்களைப் புரட்டினேன், எல்லாவற்றிலும் "வேகமாக வளரும் பகுதி", "உடனே வீடு கட்டலாம்" என்ற அதே வரிகள்தான். ஒரே ஒருவர் மட்டும் ஒரு லே-அவுட்டைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருந்தார். வரைபடத்தில் முப்பது அடி ரோடு என்று இருக்கிறது, ஆனால் நானே டேப் பிடித்து அளந்தேன், மேற்குக் கடைசியில் இருபத்தாறு அடிதான் இருக்கிறது, அங்கே பக்கத்துத் தோட்டத்து வேலி உள்ளே தள்ளி வந்திருக்கிறது என்று எழுதி, டேப்பைத் தரையில் விரித்து எடுத்த போட்டோவையும் போட்டிருந்தார். கீழேயே இன்னொரு வரி: இந்த வரிசையில் போர்த் தண்ணீர் மாசி வரைக்கும்தான், அப்புறம் லாரிதான். தங்கை அதைப் படித்த உடனேயே அவருக்குப் போன் போட்டாள். அந்த சைட்டை நாங்கள் வாங்கவில்லை. அவரிடமே வேறொன்று வாங்கினோம்.

இப்போது யோசியுங்கள், இந்த மாதிரி விஷயத்தை நீங்கள் அந்த ஏழு பேர் பிளாக்கில் எழுதுவீர்களா? எந்த வரிசையில் தண்ணீர் நிற்கும், எந்தச் சொத்தில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடியாமல் இழுக்கிறது என்பதெல்லாம் நீங்கள் பதினான்கு வருடம் வெயிலில் அலைந்து சேர்த்த சரக்கு. அதை எழுதினால் மற்ற ஆறு பேரும் நாளைக்கே அந்தப் பார்ட்டியிடம் சொல்லிவிடுவார்கள். போதாததற்கு, நீங்கள் குறை சொல்கிற லே-அவுட்டை அவர்களில் ஒருவர் விற்றுக்கொண்டிருப்பார். அதனால் எல்லாரும் சேர்ந்தே தங்களுடைய இரண்டாம் தரத்தைத்தான் அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். வீட்டுக்கடன் வாங்குவது எப்படி, வாஸ்து பார்ப்பது எப்படி என்று யாருக்கும் இடிக்காத கட்டுரைகளாக நிறைந்துவிடும்.

அப்புறம் பணம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் போன் போடுகிறார். யார் எடுப்பது? எழுதியவரா, சைட்டைக் கையில் வைத்திருப்பவரா, அன்றைக்குப் போனை வைத்திருந்தவரா? முப்பது லட்சம் சொத்துக்கு இரண்டு சதவீதம் கமிஷன் என்றால் 60,000 ரூபாய். முதல் அழைப்பு வருகிற அன்றைக்கே மனக்கசப்பும் வரும். இத்தனை நாள் பார்ட்டியை மாற்றிக்கொண்டு, கமிஷனைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு நல்லபடியாக இருந்த பழக்கம் ஒரு பிளாக்கால் கெட வேண்டுமா?

யாரும் யோசிக்காத இன்னொன்றும் இருக்கிறது. பழைய கட்டுரையை யார் திருத்துவது? தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை, அதாவது சொத்துக்கு அரசு வைக்கும் மதிப்பை, 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய அளவுக்கு உயர்த்தி, கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். இடையில் எழுதிய கட்டுரைகளில் கிரயச் செலவு முத்திரைத்தாள் 7-ம் பதிவுக் கட்டணம் 4-ம் சேர்த்து 11 சதவீதம் என்று இருக்கும். இன்றைக்கு அது 7-ம் 2-ம் சேர்த்து 9. மதிப்பு 20 லட்சம் என்றால் முத்திரைத்தாள் 1,40,000, பதிவுக் கட்டணம் 40,000. பழைய கணக்கை நம்பி வருகிறவர் கூடுதலாக 40,000 ரூபாய்க்கு அலைந்துகொண்டிருப்பார். உங்கள் பெயரில் உள்ள பக்கம் என்றால் யாராவது போனில் சொன்ன அன்றே உட்கார்ந்து மாற்றிவிடுவீர்கள். கூட்டுப் பக்கத்தில் எழுதியவர் தொழிலை விட்டே போயிருப்பார், மற்றவர்களுக்கு அது தன் வேலை என்றே தோன்றாது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். பாதியில் விட்டுவிடுவோமோ என்ற பயம் நியாயமானது, பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நாலைந்து கட்டுரையோடு விடுகிறார்கள். கட்டுரை என்றால் பெரிதாக, இலக்கணமாக எழுத வேண்டும் என்று நினைப்பதால் வருகிற சிக்கல் அது. நீங்கள் தினமும் போனில் பேசுவதைத்தான் எழுத வேண்டும். இன்றைக்கு ஒருவர் "பட்டா இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஈ.சி.?" என்று கேட்டிருப்பார். நீங்கள் அவருக்கு, பட்டா வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று காட்டும், ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றுதான் அந்தச் சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம், செட்டில்மென்ட் எல்லாம் காட்டும், பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கிறது, அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்லியிருப்பீர்கள். அதைப் போனில் பேசிப் பதிவு செய்து, அப்படியே எழுத்தாக்கினால் ஒரு கட்டுரை. முந்நூறு வார்த்தை போதும். மாதம் இரண்டு போதும்.

உங்கள் பகுதிக்கே உரிய விஷயங்களும் கொட்டிக் கிடக்கின்றன. குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து அன்னூர் பக்கம் விளம்பரங்களில் எல்லாம் "தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது" என்று போடுகிறார்கள். எந்தக் குளத்துக்கு உண்மையிலேயே தண்ணீர் வந்தது, வந்த பிறகு பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறியதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுத உங்களால்தான் முடியும். அதில் ஒன்றை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் திருச்சியில் நாலு பேர். நான் பத்திரம் எழுதுகிறேன். மற்றவர்கள் ஒரு சிவில் இன்ஜினியர், வீட்டுக்கடன் ஏற்பாடு செய்பவர் ஒருவர், ஒரு புரோக்கர். எட்டு மாதமாக ஒரே பிளாக்கில் எழுதுகிறோம், நன்றாகத்தான் போகிறது. ஆனால் நாளைக்கு ஒருவர் விலகினால் அவர் எழுதியது யாருக்குச் சொந்தம் என்று இப்போது பேச்சு வந்திருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: மேலே சரவணம்பட்டிக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது அம்மா. நீங்கள் நாலு பேரும் ஒருவர் வேலையை மற்றவர் தட்டிப் பறிக்க முடியாதவர்கள். சைட் பிடித்த ஒருவருக்கு வரிசையாகப் பத்திரமும் கடனும் பிளானும் தேவைப்படும், அதனால் ஒருவரைப் படிக்க வந்தவர் மற்ற மூவரையும் படிப்பார். கூட்டாக எழுதுவது இப்படித்தான் அமைய வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ரெயின் சிட்டி கைடு என்ற பிளாக் 2005-ல் ஒருவர் ஆரம்பித்தது, பிறகு அதில் ஏஜென்டுகளோடு கடன் துறைக்காரர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து எழுதினார்கள். அது பேசப்பட்டதற்கு அந்தக் கலவையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

உரிமை விஷயம்: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். நீங்கள் யாரும் யாருக்கும் சம்பள ஆள் இல்லை, ஆகவே அவரவர் எழுதியது அவரவருக்கு. அதைக் குழுவுக்கு மாற்ற வேண்டுமென்றால் 19-வது பிரிவுப்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு செல்லாது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிற உங்களுக்கு இந்த ஒரு பக்கம் எழுதுவது பெரிய வேலையா? விலகினாலும் கட்டுரை அவர் பெயரோடு அங்கேயே இருக்கலாம், அவரும் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படுகிறது.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அந்தத் தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, யாருடைய மின்னஞ்சலுக்குப் புதுப்பிப்பு நினைவூட்டல் வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள். என் நண்பர் ஒருவர் மூன்று பேரோடு சேர்ந்து இரண்டு வருடத்தில் அறுபது கட்டுரைக்குமேல் எழுதினார். தளம் ஒருவர் பெயரில் இருந்தது, அவர் வேலை கிடைத்துத் துபாய் போனார், பழைய மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். நண்பரிடம் நகல்கூட இல்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியவர், அதன் பிறகு எழுதவே இல்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. நாலு பேருமே கடவுச்சொல்லை வைத்திருங்கள், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நகல் எடுங்கள்.

இன்னொன்று, நாலு பேர் எழுதினாலும் கடைசியாகப் படித்து வெளியிடுகிறவர் ஒருவராக இருக்கட்டும். இன்ஜினியர் ஒரு விதிமுறையும் புரோக்கர் வேறொரு விதிமுறையும் சொன்னால், வாங்குகிறவர் இரண்டையுமே நம்ப மாட்டார்.

கேள்வி: சென்னையில் சிறிய ஏஜென்சி வைத்திருக்கிறேன், ஐந்து ஊழியர்கள். அவர்களை எழுத வைத்து நிறுவனத்தின் பெயரில் போடலாமா, அவரவர் பெயரிலா? ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில்) சிக்கல் வருமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: அவரவர் பெயரில் போடுங்கள், நிறுவனத்தின் பெயர் மேலே இருக்கட்டும். சம்பளத்துக்கு வேலையின் பகுதியாக எழுதியது என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை உங்களுக்குத்தான். பெயரை மறைப்பதால் நீங்கள் கூடுதலாகப் பெறுவது ஒன்றும் இல்லை, எழுதுகிற பிள்ளைக்குத்தான் ஆசை போய்விடும். வேலையை விட்டுப் போனாலும் பெயரை எடுக்காதீர்கள்.

ரெரா விஷயத்தில் கவனமாக இருங்கள். 2016 சட்டத்தில் விளம்பரம் என்பது எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம்தான். ஒரு புராஜெக்டைப் பற்றி எழுதி, கீழே உங்கள் போன் நம்பரைப் போட்டால் அதைக் கட்டுரை என்று வாதாட முடியாது. பதிவு செய்ய வேண்டிய புராஜெக்ட் பதிவாகாமல் இருந்தால் அதன் விற்பனைக்கு ஏஜென்ட் துணைபோகக் கூடாது என்று 10-வது பிரிவு சொல்கிறது. 9, 10 பிரிவுகளை மீறினால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை அபராதம். பையன் ஆர்வத்தில் "விரைவில் வருகிறது" என்று பதிவெண் வராத புராஜெக்டைப் பற்றி எழுதிவிடுவான், நோட்டீஸ் உங்களுக்கு வரும். ஐந்து பேர் எழுதினாலும், வெளியிடும் முன் புராஜெக்டின் பதிவெண்ணை ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கும் வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஏஜென்ட் பதிவெண்ணையும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடுங்கள்.